ஆயிரத்து ஐநூறும் அடகு கார்டும்

மாற்றுத்திறனாளிக்கு அரசாங்கம் தர்ற உதவித்தொகையை, கடன் கொடுத்தவன் எடுத்துக்கலாமா? எங்க வல்லத்துல (தஞ்சாவூர் வல்லம் இல்லீங்க, செஞ்சி வல்லம்) கேட்டா "வாங்கினா குடுத்துத்தானே ஆகணும்"னு பத்துக்கு ஒம்பது பேர் சொல்வாங்க. சட்டம் அப்படிச் சொல்லலை.

1871-லயே ஓய்வூதியச் சட்டம்னு ஒண்ணு போட்டிருக்காங்க. பேரைப் பார்த்துட்டு ரிடையர் ஆனவங்க சமாச்சாரம்னு தாண்டிப் போயிடாதீங்க. 11-வது பிரிவுல, பார்த்த வேலைக்காக அரசு தர்ற பென்ஷன் மட்டுமில்லை, உடல் இயலாமைக்காகவும் இரக்கத்தின் பேர்லயும் தர்ற பென்ஷனும் வருது. கடன்காரர் கேட்டார்னு எந்தக் கோர்ட்டும் அதை ஜப்தி செய்ய முடியாது. 12-வது பிரிவு இன்னும் ஒரு படி மேல. இனிமே வரப்போற பென்ஷனை ஈடா வெச்சு ஒப்பந்தம் போட்டா அது செல்லவே செல்லாது. வெள்ளைக்காரன் காலத்துலயும் இந்த வேலை நடந்திருக்கும் போல, இல்லேன்னா எதுக்கு மெனக்கெட்டு எழுதி வெக்கணும்?

பேங்க் கணக்குல விழுந்தப்புறம்? ராதே ஷ்யாம் குப்தா வழக்குல 2008-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது: ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்துட்டாலும் அதோட பாதுகாப்பு போயிடாது. அது ரிடையர் ஆனவர் வழக்குதான், ஆனாலும் தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது.

ஆனா எங்க ஊர்ல எவன் கோர்ட்டுக்குப் போறான்? இங்க ஜப்தி பண்றது ஏடிஎம் கார்டைத்தான்.

தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர், போலியோவுல கால் போனவர், பஞ்சர் கடை வெச்சிருக்கார். 2023 ஜனவரியில ஆயிரத்துலேர்ந்து 1,500 ஆக்கினாங்களே, அந்த உதவித்தொகை அவருக்கு வருது. கார்டும் ரகசிய எண்ணும் வட்டிக்காரர்கிட்ட. மாசாமாசம் அவரே எடுத்துட்டு, மனசு வந்தா இருநூறு தருவாராம். அசல் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு கேட்டேன். அண்ணனுக்குத் தெரியலை.

அரசு உதவிக்கான ஆவணத்தைக் கடனுக்காகப் பிடுங்கறதும் மிரட்டறதும் குற்றம்னு தமிழ்நாட்டுல 2025-ல தனிச்சட்டமே வந்துடுச்சு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு சொன்னேன். கடன் அப்படியேதான் இருக்கும், ஆனா கைத்தொழில் கருவியையும் சமையல் பாத்திரத்தையும்கூட கோர்ட் ஜப்தி பண்ணக்கூடாதுன்னும் சொன்னேன். பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துட்டு பேங்குக்கு வாங்க, பழைய கார்டை முடக்கி புதுசு வாங்கிடலாம்னேன்.

"வாங்கிடலாம் தம்பி. ஆடி மாசம் பொண்ணுக்கு காலேஜ் பீஸ் கட்டணும். அப்ப யார்கிட்ட போய் நிக்கறது?"