70 வளைவும் 100 சதவீத சார்ஜும்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சனி, ஞாயிறில் சென்னை, பெங்களூருவிலிருந்து வரும் ஐ.டி. இளைஞர்களில் எலெக்ட்ரிக் கார்க்காரர்களும் உண்டு. ஏறும்போது அவர்களுக்குக் கொண்டாட்டம்தான். கிளட்ச் இல்லை; வளைவில் இன்ஜின் அணைந்துபோகும் பயமும் இல்லை.

இறங்கும்போதுதான் விஷயமே இருக்கிறது. கியர் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்குத் தெரிந்த பாடம், ‘ஏறின கியரிலேயே இறங்கு.’ இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடேறாது. எலெக்ட்ரிக் காரில் அந்த வேலை மோட்டாருடையது. இழுத்துப் பிடித்தபடியே மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு அனுப்பும். 1,600 கிலோ கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 4 யூனிட்டுக்கும் மேல். அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும்.

மேலே தங்கும் விடுதியில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதம் நிரப்பிவிட்டால்? வருகிற மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடமிருக்காது. பல கார்களில் மோட்டாரின் பிடி தளர்ந்துவிடும். சுமை முழுக்க பிரேக் தலையில். மெமரி நிரம்பினால் என்ன ஆகும் என்று தினமும் மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்கு இது புரியாத கணக்கா என்ன!

80 சதவீதத்திலேயே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஏறிவரும் வண்டிகளுக்கு வழிவிட்டு நிதானமாக இறங்கினால், காரவள்ளி வரும்போது சார்ஜ் கொஞ்சம் கூடியே இருக்கும்.