மருதம்பட்டையும் மாதுளம்பூ மூக்கும்

இராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் ஆற்றோரம் நிற்கும் மருத மரங்கள் தாமாகவே பட்டை உரிக்கும். சாம்பலும் வெளிர்பச்சையுமாக, உள்ளங்கை அகலத்துக்கு மண்ணில் உதிர்ந்து கிடக்கும். "கீழ விழுந்தத மட்டும் பொறுக்குங்கப்பா, மரத்துல நகம் படக்கூடாது" என்பார் எங்கள் டிராயிங் சார்.

படம் ஒட்டத்தான் பொறுக்குவோம். பட்டையை வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். நிழலில் காயவைத்து மேலே செங்கல் ஏற்றுவோம். பழைய காலண்டர் அட்டை, மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். மலைக்குப் பட்டையின் வெளிப்புறம், மண்ணுக்கு உட்புறம், மேகத்துக்குக் கழிவுப் பஞ்சு. மில்கள் நிறைந்த ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்? எங்கள் ஊர்ச் சஞ்சீவி மலையை அப்படித்தான் ஒட்டினேன். ஒட்டிய கையோடு மலைக்குப் பச்சை வாட்டர்கலரும் பூசினேன்.

அந்தப் படம் ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை வீட்டுக்குப் போனது. பால்கோவா வாங்கித் தந்துவிட்டு, அத்தை ஆண்டாள் சந்நிதிக்குக் கூட்டிப் போனாள். "தாயாரோட இடது கையப் பாருடா" என்றாள். கிளி! உடம்பும் சிறகும் மரவள்ளி இலை. மூக்குக்கு மாதுளம்பூ. கால்களுக்கு மூங்கில் குச்சி. இடையிடையே அரளியும் நந்தியாவட்டையும். கட்டிச் சேர்க்க வாழைநார். ஒரு கிளி முடிய நாலரை மணி நேரம் பிடிக்குமாம். பரம்பரையாக ஒரு குடும்பத்தார் தினமும் புதிதாகச் செய்து தருகிறார்கள். 192 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற கூட்டத்தில் பாதிப் பேராவது இந்தக் கிளியை நின்று பார்க்கிறார்களா என்பது சந்தேகம்தான்.

அந்தக் கிளியில் எங்குமே சாயம் கிடையாது. பச்சை வேண்டிய இடத்தில் பச்சை இலை, சிவப்பு வேண்டிய இடத்தில் சிவந்த பூ. அதற்குப் பிறகு என் மலைக்கு வர்ணம் பூசவில்லை. மழைக்காலத்தில் பாசி ஏறிய பட்டையாகத் தேடினேன். இப்போது கண்காட்சிகளில் பட்டைப் படங்களுக்கு வார்னிஷ் அடித்துப் பளபளக்க வைக்கிறார்கள். பட்டைக்கு எதற்குப் பளபளப்பு?

செண்பகத்தோப்புக் காட்டுப் பக்கமும் பட்டை பொறுக்கப் போயிருக்கிறோம். 1988இல் அந்தக் காடு சாம்பல்நிற அணில் சரணாலயம் ஆனது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம். அங்கே இனி குனிந்து ஒரு சருகு எடுக்கவும் யோசிக்க வேண்டும். அதுவும் சரிதான். கிளை உச்சியில் குச்சியும் இலையும் சேர்த்து அந்த அணில் கட்டும் கூட்டைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சருகெல்லாம் யாருக்குச் சேரவேண்டியது என்று தெரியும்.

அதனால் இப்போதெல்லாம் எனக்கு மரவாடிதான் கதி. வேம்பு, வாகை, புளி என்று அறுத்துத் தள்ளிய பட்டை மூலையில் குவிந்து கிடக்கும். மருது அபூர்வம். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிப் பையில் போடும்போது வாடிக்காரர் கேட்பார், "அடுப்புக்கா சார்?"

"ஆமாண்ணே" என்றுவிடுவேன். படத்துக்கு என்றால் விலை சொல்லுவார்.