மிதிக்கும் வண்டியும் மின்சார வண்டியும்

மிதிவண்டியில் ஒரு மோட்டாரையும் பேட்டரியையும் பூட்டிவிட்டால், அதற்குப் பிறகும் அது மிதிவண்டிதானா? "கால் நோகாமல் போக ஸ்கூட்டர் இருக்கிறது. உடம்புக்கு உழைப்பு வேண்டுமென்றால் சாதாரண சைக்கிள் இருக்கிறது. இரண்டுங்கெட்டானாக இது எதற்கு?" என்று என் அத்தா கேட்டார்கள். எழுபது வயதைக் கடந்த அவர்கள், நாற்பது ஆண்டுகள் தறிக்கு வேண்டிய நூல் மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு மிதித்தவர்கள். கேள்வி நியாயமானது. ஓராண்டுக்கும் மேலாக இரண்டு வண்டிகளையும் வீட்டில் வைத்துப் புழங்கிவிட்ட நிலையில், அதற்கு விடை சொல்ல முடியும் என்று எண்ணுகிறேன்.

விடையை எங்கள் ஊர்க் காற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாங்கள் தென்காசிப் பக்கத்தவர்கள். ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கத் தொடங்கும். குற்றாலத்துச் சாரலை அனுபவிக்க வெளியூர்க்காரர்கள் திரண்டு வருவார்கள். உள்ளூரில் சைக்கிள் மிதிக்கிறவனுக்கோ அது சோதனைக் காலம். இந்தக் காற்றை நம்பித்தானே மாவட்டத்தின் கிழக்கே வரிசை வரிசையாகக் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள்! நான் ஓதிக்கொடுக்கும் மதரஸா எங்கள் ஊருக்கு மேற்கே ஏழு கிலோமீட்டரில் இருக்கிறது. ஆகவே காலையில் போகும்போது காற்று முகத்தில், திரும்பும்போது முதுகில்.

திரும்பும்போது தள்ளிவிடுகிறதே, கணக்கு சரியாகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப ஏறுவது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவன் மீது எதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அவன் உடல் தாங்குவது 40 கிலோமீட்டர் வேகக் காற்றை. காற்றில்லாத நாளில் அதே வேகத்தில் போகும்போது உண்டாகும் தடையைப் போல் அது ஏறத்தாழ ஏழு மடங்கு. சுபுஹுத் தொழுகை முடிந்து புறப்பட்டு, இந்த ஏழு மடங்கோடு மல்லாடி, ஆறரை மணிக்குப் பிள்ளைகள் முன் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? மூச்சை நிறுத்தி, இழுத்து, எழுத்தின் உச்சரிப்பைக் காட்டிக்கொடுக்க வேண்டியவனுக்கு மூச்சே வராது. ஹஜ்ரத்துக்கு உடம்பு சரியில்லையோ என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இந்தக் காரணத்தால்தான் பத்து ஆண்டுகளுக்கு மேல் மோட்டார் சைக்கிளிலேயே போய்வந்துகொண்டிருந்தேன். பிறகு இரத்தத்தில் சர்க்கரை வந்தது. தினமும் உடல் அசைந்தாக வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தாவின் பழைய சைக்கிளை ஓவராயில் செய்து, தை முதல் வைகாசி வரை மிதித்தேன். சர்க்கரையும் இறங்கியது. ஆனியில் காற்று வந்தது. மோட்டார் சைக்கிள் மறுபடியும் வாசலுக்கு வந்தது. சர்க்கரை பழைய இடத்திற்கே ஏறியது. ஆக, என்னைப் பொறுத்தவரை மின்சார வண்டியின் போட்டி சாதாரண சைக்கிளோடு அன்று, மோட்டார் சைக்கிளோடுதான். இதைக் கருதாமல் இரண்டு சைக்கிள்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எது உயர்ந்தது என்று கேட்பதில் பயனில்லை.

இதன் இயக்கம் எளிது. பின் சக்கரத்தின் நடுவே 250 வாட் மோட்டார் ஒன்று அடங்கியிருக்கிறது. சாதாரண உடல் நலமுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடிய ஆற்றல் 75 முதல் 100 வாட் வரைதான். அந்தக் கணக்கில் இரண்டு மூன்று பேர் கூட இருந்து மிதிப்பதற்கு இது சமம். பெடல் சுற்றுவதைக் கண்டுகொள்ளும் ஒரு கருவி, சுற்றினால் மோட்டாரை ஓட்டும், நின்றால் நிறுத்தும். எவ்வளவு உதவி வேண்டும் என்பதைக் கைப்பிடியருகே உள்ள பொத்தானால் கூட்டலாம், குறைக்கலாம். மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்கும், வேகம் 25 கிலோமீட்டருக்கும் மேற்படாத வரை, நம் நாட்டு மோட்டார் வாகன விதிகள் இதை மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. ஓட்டுநர் உரிமமும் வேண்டா, பதிவும் வேண்டா. என்னுடைய பேட்டரியை முழுதும் ஏற்ற அரை யூனிட் மின்சாரம்கூட ஆவதில்லை. இரண்டு நாள் போக்குவரத்துக்கு அது போதுகிறது.

இனி, உடற்பயிற்சி. மோட்டார் இழுத்துக்கொண்டு போனால் உடம்புக்கு என்ன கிடைக்கும் என்பதே பலருடைய ஐயம். 2019-ல் ஐரோப்பாவின் ஏழு நகரங்களில் பத்தாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களிடம் எடுக்கப்பட்ட ஆய்வொன்று வெளியானது. மின் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் வாராந்திர உடலுழைப்பு, சாதாரண சைக்கிள் ஓட்டுகிறவர்களுடையதற்குக் குறைவாக இல்லை என்று அது கண்டது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உழைப்பு குறைவுதான். ஆனால் அவர்கள் அதிக தூரம் போகிறார்கள். நெதர்லாந்தில் 2022-ல் விற்ற புதிய சைக்கிள்களில் பாதிக்கு மேல் மின்சாரத்தில் ஓடுபவை. மலையே இல்லாத, ஆனால் கடற்காற்று ஓயாத தட்டை நாடு அது! எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும்.

என் வழக்கம் இது. காலையில் மேற்கே போகும்போது மூன்றாம் நிலை உதவி. வியர்வை லேசாக அரும்பும்; மூச்சு வாங்காது. திரும்பும்போது மோட்டாரை அணைத்துவிடுவேன். போக வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு எனக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. சென்ற ஆடி முழுவதும் மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையின் தாளைப் பார்த்த மருத்துவர், என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். இங்கே விற்கும் பெரும்பாலான வண்டிகளில் பெடலுக்குத் துணையாக ஸ்கூட்டரைப் போலக் கைத்திருகியும் இருக்கிறது. அதைத் திருகினால் பெடலைத் தொடவே வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் வந்துவிட்டால் உடம்புக்கு ஒன்றும் கிடைக்காது. அதற்கு ஸ்கூட்டரே மேல், விரைவாகவாவது போகும். சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு நொடி உந்துவதற்கு மட்டும் நான் அதைத் தொடுகிறேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். சாதாரண சைக்கிள் ஆறேழாயிரத்தில் முடியும். இதற்கு முப்பதாயிரத்தை ஒட்டி ஆகும். பேட்டரி மூன்று நான்கு ஆண்டுகளில் தளர்ந்துவிடும். புதிது வாங்க இன்னொரு பெருந்தொகை. பின் சக்கரத்தில் பஞ்சர் ஆனால் எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் ஒயரைப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைகிறார். அத்தாவின் சைக்கிளைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிறவர் அவர்! வழியில் மின்சாரம் தீர்ந்தால் கனமான வண்டியை மிதித்தே வர வேண்டும். பேட்டரிக்கு உரிய சார்ஜர் தவிர வேறொன்றைச் செருகவே கூடாது; படுக்கையறையில் இரவெல்லாம் ஏற்றிவைப்பதும் கூடாது.

இந்தக் காரணங்களால்தான், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் தனக்கும் மின்சார வண்டி வேண்டுமென்று அடம்பிடித்தபோது நான் இசையவில்லை. பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர். கால்களோ பதினான்கு வயதுக் கால்கள். பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டு, முழங்கால் தேய்ந்து, பிறகு ஒருநாள் சீட்டில் ஏறி உட்காரும் சுகத்தை எந்த மோட்டாரும் தராது. ஏரிக்கரைச் சரிவில் கைகளை விட்டுவிட்டு இறங்குகிறான் என்று புகார் வந்திருக்கிறது. அதைக் கண்டித்தேன், அந்த வயதில் நான் இறங்கிய சரிவும் அதுவே என்பதை அவனிடம் சொல்லவில்லை.

மகிழ்ச்சி என்ற கணக்கில் மின்சார வண்டி எங்கள் வீட்டில் வேறொருவருக்கு உரியதாயிற்று. என் மனைவி புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவர். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள், முஸ்லிம் பெண்களும் சேர்த்துத்தான், ஓட்டக் கற்றார்கள். பெண்களுக்கான வண்டி கிடைக்காமல் ஆண்கள் வண்டியையே வாங்கி, முன் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். மாமியார் அவர்களில் ஒருவர். பதினொரு வயதில் அவர் பின்னால் ஓடி ஓடிக் கற்றவர் என் மனைவி. திருமணமாகி எங்கள் ஊருக்கு வந்தபின் இருபது ஆண்டுகளாகத் தொட்டதில்லை. யாரும் தடுக்கவில்லை; யாரும் ஓட்டச் சொல்லவுமில்லை. இதற்கிடையில் முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது.

சென்ற தையில் ஒருநாள் மாலை, புர்காவின் கீழ்ப்பகுதியை ஊசியால் மடித்துக் குத்திக்கொண்டு, வாசலில் நின்ற வண்டியை எடுத்து மதகுவரை போய்வந்தார். அத்தா திண்ணையில் இருந்தார்கள். இரண்டுங்கெட்டான் என்று சொன்னவர்கள், "பிரேக்கை மெதுவாகப் பிடிம்மா" என்று மட்டும் சொன்னார்கள்.

இப்போது புதன்கிழமைதோறும் அவர் தம் தையல் வகுப்புக்கு மின்சார வண்டியில் போகிறார். அன்று எனக்கு அத்தாவின் சைக்கிள். ஆனி நெருங்கியபோது, ஆவணிவரையாவது அந்த ஏற்பாட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன். மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், காற்று விழும்வரை தாம் அன்றைக்கு வகுப்பை வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். புரட்டாசி பிறந்தால் புதன்கிழமை திரும்பவும் அவருக்கு.