கதைத்தலைவன் ஊரில் இல்லாத கோடை

(இளங்கலை ஆங்கில இலக்கியம், மூன்றாம் ஆண்டு மாணவி)

நாவல் என்றால் தலைவன் ஒருவன் இருப்பான். அவனைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். அந்த நாலு பேரும் அவனுக்குச் செய்தி கொண்டு வருவார்கள். காபி கொண்டு வருவார்கள். கதைக்கு வேண்டுமானால் செத்தும் போவார்கள். அவர்களுக்கும் ஒரு வீடு உண்டா, அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று நாம் கேட்பதில்லை. என்னைக் கேட்க வைத்த குறுநாவல் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன். எங்கள் துறைப் பேராசிரியை ஒருவர் இரவல் தந்த நூல் அது. பெயர் 'வாட் அபிகெயில் டிட் தட் சம்மர்'. 2021ஆம் ஆண்டு வெளிவந்தது.

இதன் ஆசிரியர் பென் ஆரோனோவிச். லண்டனில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தவர். 2011இல் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' என்ற நாவலை வெளியிட்டார். அது பெரிய வரிசையாக வளர்ந்துவிட்டது. பீட்டர் கிராண்ட் என்னும் இளம் போலீஸ்காரன்தான் அதன் தலைவன். பேய் பிசாசு சம்பந்தப்பட்ட குற்றங்களைத் துப்புத் துலக்குவதும், மந்திரம் பயில்வதும் அவன் பணி. தேம்ஸ் நதியும் அதன் கிளை நதிகளும் மனித உருவில் தெருவில் நடமாடுகின்றன. மாநகரத்துச் சந்தடிக்குள் இப்படி மாயத்தைப் புகுத்துவது நமக்கொன்றும் அந்நியமன்று. கடவுளைச் சென்னைத் தெருவில் இறக்கிக் கந்தசாமிப் பிள்ளையோடு காபி குடிக்க வைத்த புதுமைப்பித்தன் 1948லேயே மறைந்துவிட்டார்!

நான் சொல்ல வந்தது பீட்டரைப் பற்றியன்று, அபிகெயிலைப் பற்றி. அவள் அவனுக்கு உறவுக்காரப் பெண். சியரா லியோன் நாட்டிலிருந்து வந்து லண்டனில் குடியேறிய குடும்பம். 2012இல் வந்த மூன்றாவது நாவலில், தண்டவாளத்தருகே பேய் இருக்கிறது என்று அவனிடம் வந்து சொல்லும் வாண்டு அவள்தான். துணைப்பாத்திரம் என்பதற்கு அதைவிடப் பொருத்தமான வேலை ஏது? சேதி சொன்னாள், போனாள்.

2014இல் வந்த நாவலில் பீட்டர் லண்டனை விட்டு ஹியர்ஃபோர்ட்ஷையர் கிராமப்புறத்துக்குப் போய்விடுகிறான். அங்கே காணாமற்போன இரண்டு சிறுமிகளைத் தேடுகிறான். அதே கோடையில் லண்டனில் என்ன நடந்தது? ஏழாண்டுகள் கழித்து அதை அபிகெயிலின் வாயாலேயே சொல்ல வைக்கிறார் ஆசிரியர். வயது பதின்மூன்று. இடம் ஹாம்ஸ்டெட் ஹீத் என்னும் பரந்த மேட்டுவெளி. பையன்களும் பெண்களும் அங்கே காணாமற்போகிறார்கள். போலீசாருக்கு அது விளங்கவில்லை. பேசும் நரிகள் சிலவற்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு இவள் கிளம்புகிறாள். அந்த நரிகள் தங்களைப் பெரிய ஒற்றர்களாகவே எண்ணிக்கொண்டிருக்கின்றன. உண்மையைச் சொன்னால் நரிகளின் பேச்சு சில இடங்களில் கொஞ்சம் அதிகம்தான்.

அவள் பேசும் லண்டன் சேரிப் பேச்சுக்கு முதியவர் ஒருவர் அடிக்குறிப்பு எழுதுகிறார். அமெரிக்கப் போலீஸ் அதிகாரி ஒருத்திக்குப் புரிய வேண்டுமாம்! படிக்கும்போது நம் வகுப்பில் பழைய உரையாசிரியர்களோடு மல்லுக்கட்டியது நினைவுக்கு வந்து தனியே சிரித்தேன்.

இவள் எப்படி நினைத்தபடி ஊர் சுற்ற முடிகிறது? இந்தக் கேள்விக்கு ஆசிரியர் வைத்திருக்கும் பதிலில்தான் நான் நின்றுவிட்டேன். அவளுக்குப் பால் என்றொரு தம்பி. கடுமையான நோயில் கிடப்பவன். பெற்றோரின் பொழுதெல்லாம் அவனுக்கே போய்விடுகிறது. மூத்தவள் எங்கே போகிறாள், எப்போது வருகிறாள் என்று கவனிக்க ஆளில்லை.

எனக்கும் ஒரு தம்பி இருக்கின்றான். தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய். பத்து வயதில் நடை நின்றது, இப்போது பதினான்கு. இரவில் தானாகப் புரண்டு படுக்க அவனால் முடியாது. இரண்டு மணிக்கு ஒருமுறை அம்மா எழுந்து திருப்பிவிடுவார். செமஸ்டர் நாட்களில் நான் எப்படியும் விழித்திருப்பதால் அந்த வேலை என்னுடையது. எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர் செருப்பைக் கழற்றும்போதே, "தம்பி எப்படிம்மா இருக்கான்?" என்பார்கள். நானும் சொல்வேன். பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி நன்றாகச் சொல்ல வருகிறது. நான் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் படிக்கின்றேன் என்பது என் பெரிய மாமாவுக்கு இன்றுவரை தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தம்பிக்குச் சக்கர நாற்காலி வாங்கித் தந்தவர்.

அகப்பாடல்களில் தோழி பேசுகிறாள், செவிலி பேசுகிறாள், பாங்கன் பேசுகிறான். துணைப்பாத்திரங்களுக்கு இத்தனை வாய் கொடுத்த இலக்கியம் நம்முடையது என்று பெருமையாகச் சொல்லலாம். ஆனால் தோழி பெரும்பாலும் தலைவியைப் பற்றியே அல்லவா பேசுகிறாள்? அவள் இரவில் உறங்கினாளா என்று யாரும் கேட்டதாக நான் படித்த பாடல்களில் இல்லை. அபிகெயில் அப்படியன்று. தம்பியைப் பற்றியும் சொல்கிறாள். தான் மந்திரம் கற்கும் ஆசையில் லத்தீன் படிப்பதையும் சொல்கிறாள். தான் கெட்டிக்காரி என்பதையும் கூச்சமின்றிச் சொல்கிறாள். தம்பிமேல் அன்பிருந்தால் தன்னைப் பற்றிப் பேசலாகாது என்று அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை போலும்.

படிக்கும்போது ஒரு பயம் எனக்கு இருந்தது. மாயக்கதைதானே, கடைசிப் பக்கத்தில் பாலை எழுப்பி நடக்க வைத்துவிடுவாரோ என்று. அப்படிச் செய்திருந்தால் புத்தகத்தை மூடி வைத்திருப்பேன். ஆசிரியர் அதைச் செய்யவில்லை. நதிகள் பேசும் ஊரில், நரிகள் துப்புத் துலக்கும் ஊரில், பாலின் நோய் மட்டும் நோயாகவே இருக்கின்றது.

கதையைத் தம்பிக்குத் தமிழில் சொன்னேன். நான்கு இரவுகள் ஆயின. நரிகள் வரும் இடங்களை அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். எனக்கு அதிகமாகப் பட்ட பேச்செல்லாம் அவனுக்குப் போதவில்லை. பால் வந்த இடத்தில் ஒன்றும் சொல்லாமல் இருந்தான். பிறகு, "அவன் பேசுற மாதிரி ஒரு புத்தகம் இருக்கா அக்கா?" என்றான்.

தேடிக்கொண்டிருக்கின்றேன்.