அப்பா போட்ட கோடு

ஆணி கொஞ்சம் ஜாஸ்தி மக்களே. ஒரு ரிலீஸ் முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்குது. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல.

இன்னிக்கு மேட்டர் எங்க வீட்டுக் காரைப் பத்தி. காருன்னதும் மைலேஜ், டார்க்குன்னு ஆரம்பிச்சுடுவானோன்னு பயந்து ஓடிடாதீங்க. இந்தப் பதிவுல கார் ஒரு அடி கூட நகராது. ரெண்டு நாள் நின்ன இடத்துலயே நின்னுச்சு, நான்தான் அதைச் சுத்திச் சுத்தி வந்தேன்.

எங்க ஊர் காக்களூர். சென்னையிலேர்ந்து வந்தா திருவள்ளூருக்கு முந்தின ஸ்டேஷன் புட்லூர், அங்க எறங்கிக்கலாம். பேரைச் சொன்னா "சிட்கோ இருக்கே, அந்தக் காக்களூரா?"ன்னு கேப்பாங்க. அதேதான். பெரிய ஏரி ஒண்ணு இருக்கு, ஆனா ஊருக்கு அடையாளம்னா தொழிற்பேட்டைதான். அந்த எஸ்டேட்ல ஒரு சின்ன டூல் ரூம்ல அப்பா இருபத்தெட்டு வருஷம் ஃபிட்டர். 2020 லாக்டவுன்ல யூனிட்டை மூடினாங்க, திரும்பத் திறக்கவே இல்ல. அதோட அப்பாவும் வீட்டுக்கு வந்துட்டார்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி. 1998-ல திருவள்ளூர் பக்கத்துல இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில மிட்சுபிஷி லான்சர் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. அம்பாசடர் கம்பெனிதான், ஆனா ஜப்பான் டிசைன் காரு. நான் பொறந்ததும் அதே வருஷம்தான். நம்பர் பிளேட் இல்லாத புது லான்சரை ரோட்டுல பாத்தா அப்பா சைக்கிளை ஓரங்கட்டி நின்னு பாப்பாராம். மைக்ரோமீட்டரும் கையுமா இருக்கற மனுஷன், கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற கேப் எல்லாம் ஒரே அளவா இருக்குன்னு அம்மாகிட்ட வந்து சொல்வாராம். அம்மா என்ன பதில் சொல்லிருப்பாங்கன்னு நீங்களே யூகிச்சுக்கோங்க :-)

அந்த ஆசை 2013-லதான் நிறைவேறுச்சு. செகண்ட் ஹாண்ட், 2006 மாடல், கறுப்பு. அன்னிலேர்ந்து தினமும் காலையில அஞ்சரை மணிக்கு எனக்கு அலாரமே ஜன்னலுக்கு வெளிய கேக்கற சர்ர்... சர்ர்... சத்தம்தான். அப்பா கார் தொடைக்கறார். யூனிட்டுக்குப் போற வரைக்கும் போறதுக்கு முன்னாடி தொடைச்சார். யூனிட் மூடினப்புறம் மட்டும் ஏன் நிறுத்தணும்? காக்கிச் சட்டை ஒண்ணுதான் இல்ல, மத்தபடி அதே டைம், அதே சர்ர்.

2021-ல பதினஞ்சு வருஷம் முடிஞ்சு ஆர்.சி.யை அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சோம். 2026-ல மறுபடியும் புதுப்பிக்கணும். எனக்கு வித்துடலாம்னு தோணுச்சு. ஸ்பேர் கிடைக்கறதுக்குள்ள தாவு தீருது. அப்பாகிட்ட மெதுவா ஆரம்பிச்சேன். "உன் இஷ்டம்டா"ன்னார். நம்ம வீட்டு அப்பாக்கள் அகராதியில அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

கார் பார்க்க வந்த புரோக்கர் பானட்டைப் பாத்தார், செல்போன் டார்ச்சை அடிச்சார், உதட்டைப் பிதுக்கினார். லைட்டைச் சுத்தி சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமா கோடு. "கறுப்பு வண்டி சார், அத்தனையும் காட்டிக் குடுத்துடும். பாலிஷ் போட்டுட்டு போட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னுட்டுப் போய்ட்டார்.

கடையில குடுத்தா மிஷின் வெச்சு அரை நாள்ல முடிச்சுடுவான். நான் இஞ்சினியர் ஆச்சே, சும்மா விடுவேனா? ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வீடியோ பாத்து, காம்பவுண்ட், பாலிஷ், மைக்ரோஃபைபர் துணி, மாஸ்கிங் டேப்னு வாங்கிட்டேன். டூத் பேஸ்ட்டே போதும்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். தப்பில்ல, அதுலயும் நைஸா தேய்க்கற பொடி இருக்கு. ஆனா அது பல்லுக்கு அளந்து போட்ட பொடி. தேய்ச்சுத் தேய்ச்சு நம்ம பல்லுதான் கடகடன்னு ஆடும்.

அந்த சிலந்தி வலை வட்டத்தைப் பத்தி ஒரு விஷயம். அது நிஜமான வட்டமே இல்லீங்க. டார்ச்சை நகத்தினா வட்டமும் கூடவே நகருது! எவர்சில்வர் தட்டை வெயில்ல காட்டிப் பாருங்க, அதே கதைதான். பெயின்ட் மேல ஆயிரக்கணக்குல மெல்லிசுக் கோடு பல திசையில ஓடுது. வெளிச்சத்துக்குக் குறுக்க ஓடற கோடு மட்டும் மின்னும், மத்தது கண்ணுக்குத் தெரியாது. மின்னறதெல்லாம் சேந்து லைட்டைச் சுத்தி வட்டம் போட்ட மாதிரி தெரியுது. டார்ச்சை ஒரே பக்கத்துலேர்ந்து தாழ்வா புடிச்சாதான் எந்தக் கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு புரியும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் வரும்.

சனிக்கிழமை காலையில ரெண்டு பக்கெட், ஷாம்பு, நல்லா கழுவினேன். நகத்தால கோட்டுக்குக் குறுக்க மெதுவா வருடிப் பாத்தேன். நகம் மாட்டினா கோடு ஆழம், கையால தேய்ச்செல்லாம் போகாது, பெயின்டர்கிட்டதான் போகணும். கதவு கைப்பிடிக்குக் கீழ ரெண்டு அப்படி இருந்துச்சு, அதை அப்படியே விட்டுட்டேன். மத்த எதுலயும் நகம் மாட்டல. எட்ஜ்ல எல்லாம் டேப் ஒட்டியாச்சு. அந்த இடத்துல பெயின்ட் மெல்லிசா இருக்கும், தேய்ச்சா பொத்துக்கும். வெயில்ல சூடான தகட்டுல காம்பவுண்ட் போட்டா காஞ்சு ஒட்டிக்குமாம், அதனால ஷீட்டுக்கு அடியில தள்ளி நிறுத்திட்டேன்.

புளியங்கொட்டை அளவு காம்பவுண்ட். ஒரு அடிக்கு ஒரு அடி இடம். நீளவாக்குல பத்து, குறுக்குவாக்குல பத்து, தொடை, டார்ச் அடி, பாரு. மொதல்ல வெள்ளைத் துணியில கறுப்பு ஏறுதான்னு பாக்கணும். ஏறினா மேல கிளியர் கோட் இல்ல, நேரா கலர் பெயின்ட்டையே தேய்க்கறோம்னு அர்த்தம். ஏறல. அப்பாடா.

கேக்கறதுக்கு ஈஸியாத்தான் இருக்கும். பானட் மட்டும் அஞ்சு மணி நேரம். தோள்பட்டை கழண்டு தனியா வந்துடும் போல இருந்துச்சு. வியாதி வெல்லமா கரையணும்னு வீரராகவர் கோயில் குளத்துல வெல்லம் கரைப்பாங்க இல்ல, அங்க ரெண்டு அச்சு கூட போட்டுட்டு வந்தா கோடும் கரையுமான்னு யோசிச்சேன். அதுல வேற ஒரு சின்ன சோகம். பானட்ல ஒரு மூலை பளபளன்னு வந்துச்சேன்னு சந்தோஷப்பட்டா, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வெச்சு ஒரு தரம் தொடைச்சதும் கோடெல்லாம் திரும்ப வந்து குட்மார்னிங் சொல்லுது. காம்பவுண்ட்ல இருந்த எண்ணெய் கோட்டுக்குள்ள பூந்து மறைச்சிருக்கு, அவ்ளோதான். மெழுகும் அதே வேலையைத்தான் செய்யும். மறைக்கறது வேற, எடுக்கறது வேற.

மத்தியானம் அப்பா மோர் கொண்டு வந்து குடுத்துட்டு நின்னார். காலையிலேர்ந்து வாசப்பக்கம் எட்டிக்கூடப் பாக்கல.

"கோடு எப்படிடா போகுது?"

சொன்னேன். கலருக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்குப்பா, நாப்பது அம்பது மைக்ரான் இருக்கும். கோடு அதுல மேல்வாக்குலதான் இருக்கு.

மைக்ரான்னதும் மனுஷன் முகமே மாறிடுச்சு. எனக்கு அது படிச்ச வார்த்தை. அவருக்கு அது சம்பளம் குடுத்த வார்த்தை.

"நாப்பதா? நீ எவ்ளோ எடுக்கற?"

"ரெண்டு, மூணு இருக்கும்ப்பா."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப நீ கோட்டை எடுக்கல. கோட்டைச் சுத்தி இருக்கறதை எல்லாம் எடுத்து, கோட்டோட அடி லெவலுக்கு இறக்கற"ன்னார்.

நான் ராத்திரி பூரா வீடியோ பாத்தும் ஒருத்தன் கூட இவ்ளோ தெளிவா சொல்லல.

"எத்தனை தடவை இப்படி இறக்கலாம்?"

"அதிகம் முடியாதுப்பா. மேல் பூச்சு தேஞ்சு போனா அப்புறம் கலர்தான்."

தலையை ஆட்டினார். என் கையிலேர்ந்து செல்போனை வாங்கினார். டார்ச்சைத் தாழ்வா புடிச்சு, ஒரு கண்ணை மூடி, இன்னும் நான் தொடாத இடமாப் பாத்து ஆரம்பிச்சார். எனக்கு வயித்துல புளியைக் கரைக்க ஆரம்பிச்சுது. ஏன்னா அந்தக் கோடெல்லாம் எதனால வந்ததுன்னு எனக்கு மொத நாள் ராத்திரியே தெரியும். நம்ம ஊர் புழுதியில இருக்கற மணல் கண்ணாடியையே கீறும், பெயின்ட் எம்மாத்திரம்? தண்ணி ஊத்தாம, தூசி மேலயே காஞ்ச துணியை வெச்சுத் தேய்ச்சா துணி உப்புக் காகிதம்தான். அதுவும் அப்பா தொடைக்கறது பனியன் வேஸ்ட்ல. அந்தக் காலத்துல யூனிட்லேர்ந்தே கொண்டு வருவார், அதுல இரும்புப் பொடி எவ்ளோ ஒட்டிட்டு இருந்துச்சோ. பன்னெண்டு வருஷமா, தினமும், அஞ்சரை மணிக்கு.

இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது? வேணாம்னு முடிவு பண்ணிருந்தேன். கார் போனா விஷயமும் அதோட போகட்டும்.

ஆனா ஒரு பரப்புல இருக்கற கோட்டைப் பாத்தே எந்த டூல் போட்டது, எந்தப் பக்கம் ஓடினதுன்னு சொல்றதுதானே அவர் இருபத்தெட்டு வருஷமா செஞ்ச வேலை?

முன் கதவுல பாத்தார். பின் கதவுல பாத்தார். டிக்கியில பாத்தார். காத்துல கையை முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துப் பாத்தார், தொடைக்கற மாதிரியே. கோடு போன திசையும் கை போன திசையும் ஒண்ணு. அப்புறம் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் டாப்பைப் பாத்தார். நானும் எட்டிப் பாத்தேன். டாப்ல நட்ட நடுவுல, முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும், ஒரு சாண் அகலத்துக்கு ஒரு கோடு கூட இல்ல. புது வண்டி மாதிரி கறுப்பு கன்னங்கரேல்னு கிடக்கு. அப்பா குள்ளம். இந்தப் பக்கம் நின்னாலும் அந்தப் பக்கம் நின்னாலும் அவர் கைக்கு அந்த இடம் எட்டாது.

"எல்லாம் என் கைதானேடா"ன்னார்.

நான் ஒண்ணும் சொல்லல. இல்லப்பா, பழைய ஓனர் போட்டதா இருக்கும்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வேலை தெரிஞ்ச மனுஷன்கிட்ட அந்தப் பொய் எடுபடாது.

"வேஸ்ட்டை உதறிட்டுத்தான் தொடைப்பேன்"ன்னார், கொஞ்சம் கழிச்சு. யார்கிட்டயோ சொல்ற மாதிரி. செல்போனை என் கையில குடுத்துட்டு உள்ள போய்ட்டார். மோர் டம்ளர் பானட்டுக்குப் பக்கத்துல திட்டு மேலயே இருந்துச்சு.

அன்னிக்கு சாயங்காலம் வேலை ஓடல. ஞாயித்துக்கிழமை காலையில மீதியை ஆரம்பிக்கலாம்னு எழுந்தா அஞ்சே முக்கால். ஏதோ குறையுதேன்னு தோணுச்சு. ஜன்னல்ல சத்தம் இல்ல. எனக்குச் சொரேல்னுச்சு. அம்மாவைக் கேட்டா "வெளியதான் இருக்காரு போய்ப் பாரு"ன்னாங்க.

ரெண்டு பக்கெட் தண்ணியோட நிக்கறார். நான் வாங்கி வெச்சிருந்த டேப்பைப் பின் கதவு விளிம்புல ஒட்டிட்டிருக்கார், என்னை விட நேரா. "நீ நேத்து அழுத்தம் ஒரே மாதிரி குடுக்கல. விரலால அழுத்தற. விரலுக்கு அடியில பள்ளம் விழும். துணிக்குள்ள ஒரு ஸ்பாஞ்ச் துண்டு வை, உள்ளங்கையால தேய்"ன்னார். வெச்சேன். கதவு பானட்டை விட சீக்கிரம் வந்துச்சு, நல்லாவும் வந்துச்சு. அவர் ஒரு கதவு, நான் ஒரு கதவு. பத்து தடவைக்கு ஒரு தரம் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "போதும், நிறுத்து, இதுக்கு மேல எடுக்காத"ன்னு அதட்டல் வேற. கொஞ்சம் கோடு மிச்சம் இருக்கேப்பான்னா, "இருந்துட்டுப் போகட்டும், மெட்டீரியல் வேணும்"ன்னார். விக்கப் போற வண்டிக்கு எதுக்குப்பா மெட்டீரியல்னு நான் கேக்கல.

சாயங்காலம் முடிச்சு போட்டோ எடுத்தேன். ஷீட்டு, தென்னை மரம், எதிர் வீட்டு காம்பவுண்ட் எல்லாம் பானட்ல அப்படியே தெரியுது. புரோக்கர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். போட்டோ இன்னும் என் செல்லுலதான் இருக்கு.

பனியன் வேஸ்ட் மூட்டையை அம்மா எடைக்குப் போட்டுட்டாங்க. காலையில சர்ர் சத்தம் போய், இப்ப தண்ணி ஊத்தற சத்தம். நேத்து வெளிய வந்து பாத்தா காருக்குப் பக்கத்துல சமையல்கட்டு முக்காலி.

"இது எதுக்குப்பா?"

"நடுவுல எட்டலைல்ல"ன்னார்.