உம்மம்மாவின் பெருக்கமரம்

ராத்தாவின் கல்யாணக் கேக்கை ஃபொண்டன்டால் போர்த்தும் பொறுப்பு எனக்கு. ஹலால் ஜெலட்டினா என்று பார்த்து வாங்கிய மார்ஷ்மெலோவைச் சொட்டுத் தண்ணீரில் உருக்கி, ஐசிங் சீனி சேர்த்துப் பிசைந்தேன். கற்பிட்டிக் கடற்காற்றின் ஈரத்தில் அது கையோடு ஒட்டியது. கையில் பட்டர் பூசி, மேசையில் சோள மா தூவிய பிறகே வசப்பட்டது.

பூக்கள் செய்து மிஞ்சிய உருண்டையை உம்மம்மாவிடம் கொடுத்தேன். 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டு, உடுத்த துணியோடு படகேறி வந்தவர். அவரது விரல்கள் பருத்த அடியும் குட்டைக் கிளைகளுமாய் ஒரு பெருக்கமரத்தை எழுப்பின.

"எங்கட வளவுக்குப் பக்கத்தில நின்டது மகள்."

உம்மம்மா தன் ஊரைப் பற்றி என்னிடம் பேசியது அன்றுதான். கேக்கின் உச்சியில் வைத்திருந்த ரோசாவை எடுத்துவிட்டு மரத்தை வைத்தேன். ராத்தா ஏனென்று கேட்கவில்லை.