நானே சுட்டது!

தூத்துக்குடிக்குப் போனால் எல்லோரும் உப்பளம் பார்ப்பார்கள். நான் பார்த்தது ஒரு பேக்கரியின் பின்கட்டு. காரணம், அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் முதல் பார்ட்டி. ஆபீஸ் நண்பர்களுக்கு என் கையாலேயே மக்ரூன் என்று சவால் விட்டிருந்தேன்.

முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித் தூள். அவ்வளவுதான் சரக்கு. நுரை பொங்க அடித்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் விடுகிறார்கள்.

"மஞ்சக்கரு ஒரு சொட்டு விழுந்தாலும் நுரை பொங்காது அண்ணாச்சி. அவசரமும் ஆகாது. மணிக்கணக்குல காயணும்" என்றார் மாஸ்டர்.

ஞாயிறு மாலை 5 மணிக்குத்தான் ஓவனில் தட்டை வைத்தேன். 7 மணிக்கு விருந்தாளிகள். சூட்டை ஏகத்துக்கு ஏற்றினேன். வெளியே கரி, உள்ளே கோந்து!

காலிங்பெல் அடித்தது. தன் அம்மாவுக்காக மனைவி தூத்துக்குடியில் வாங்கி ஒளித்து வைத்திருந்த மக்ரூன் டப்பாவைத் திறந்து, தட்டில் அடுக்கினேன்.

"பிரமாதம் சார்! நீங்களே சுட்டதா?"

"சத்தியமா நானே சுட்டதுதான்!"

மனைவி பார்த்த பார்வை, ஓவனைவிடச் சூடு.